நாலு மணி லாரிகள்

செப்டம்பரில் பள்ளி திறந்த மூன்றாம் நாள், மின்னணுவியல் ஆய்வகத்தில் ஹோங்-யி ஈயம் பற்றவைக்கும் சூடான சால்டரிங் அயர்னை எடுத்து சிங்-யாங்கின் கழுத்தில் வைத்தான். அதற்கு முன்னால் வாய்ச்சண்டை எதுவும் இல்லை. நான் மாணவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். தோல் கருகும் வாடை வந்த பிறகுதான் திரும்பினேன். சிங்-யாங் கத்தவில்லை. தனக்கு வர வேண்டியதை வாங்கிக்கொள்கிறவன் மாதிரி மேசையைப் பிடித்தபடி அசையாமல் நின்றான்.

அதுதான் என்னைப் பயமுறுத்தியது. அடிக்கிறவனை எனக்குத் தெரியும். பன்னிரண்டு வருடமாகத் தொழிற்பள்ளியில் வேலை பார்க்கிறேன். இப்படி வாங்கிக்கொள்கிறவனை அதுவரை பார்த்ததில்லை.

காரணம் வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். மே மாதம் ஒரு நாள் பள்ளி விட்ட நேரத்தில், எங்கள் பள்ளிக்கு முன்னால் உள்ள நாற்சந்தியில் அவர்கள் வகுப்பில் படித்த போ-ஹான் செத்துப்போனான். பதினேழு வயது. ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டு வந்தான். பின்னால் ஹோங்-யி உட்கார்ந்திருந்தான். ஆற்றுப் படுகை குவாரியின் ஜல்லி லாரி வலது பக்கம் திரும்பியது. பின்சக்கரம் போ-ஹான் மேல் ஏறியது. ஹோங்-யி வாய்க்காலுக்குள் தூக்கி எறியப்பட்டு, முழங்கையில் ஒரு சிராய்ப்போடு எழுந்து வந்தான். போ-ஹானுக்கு உரிமம் கிடையாது என்று போலீஸ் எழுதியது. அத்தோடு வழக்கு முடிந்தது. அந்த ஓட்டுநர் வடக்கே எங்கோ போய்விட்டார். சிங்-யாங்கின் அப்பாவும் அதே குவாரிக்குத்தான் லாரி ஓட்டுகிறார். மோதியது அவர் இல்லை. ஆனால் ஹோங்-யிக்கு அடிக்க ஒரு ஆள் வேண்டியிருந்தது. கை எட்டும் தூரத்தில் இருந்தவன் சிங்-யாங். மே மாதத்திலிருந்தே மறைவில் அவனை அடித்துவந்தான் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஹோங்-யிக்குப் பெரிய குற்றப்புள்ளி ஒன்று கொடுத்தார்கள். இன்னொன்று விழுந்தால் பள்ளியை விட்டுப் போக வேண்டியதுதான்.

மூன்றாம் ஆண்டுக்காரர்கள் கட்டாயம் ஒரு செயல்திட்டம் செய்ய வேண்டும். போன வருடத்துப் பிள்ளைகள் செய்த மின்னும் பெயர்ப்பலகையையோ கோட்டைப் பார்த்து ஓடும் குட்டி வண்டியையோ அப்படியே எடுத்துப் பெயரை மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். நாங்களும் மதிப்பெண் போட்டுவிடுவோம். அந்த வருடம் என்னால் அது முடியவில்லை. முப்பத்தொரு பேரில் இருபது பேர் மேசையில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்த ஒரு மதியம், இந்த ஊரில் எதை நிறுத்த வேண்டும் என்று நினைக்கிறீர்கள், அதைப் பற்றித்தான் இந்த வருடம் செயல்திட்டம் செய்யப் போகிறோம் என்றேன். கடைசியில் பெய்-ஜு, இரண்டு வருடமாக வகுப்பில் வாயே திறக்காத பெண், தலையைத் தூக்காமலே சொன்னாள்.

"ஜல்லி லாரி."

தூங்கிக்கொண்டிருந்தவர்கள்கூட எழுந்தார்கள். ஹோங்-யி அவளை ஒரு மாதிரி பார்த்தான்.

அந்த மூன்று பேரையும் நான் ஒரே குழுவில் போட்டேன். சிங்-யாங்குக்குக் கருவி செய்யத் தெரியும். பெய்-ஜுவுக்குக் கணக்கு வரும். ஹோங்-யிக்கு அந்தச் சந்தியை விட்டால் வேறு நினைப்பே இல்லை. துணை முதல்வர் என்னைக் கூப்பிட்டு, பிள்ளைகளை ரோட்டில் நிறுத்துகிறீர்களே, ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது என்று கேட்டார். நான் சொல்கிறேன் என்றேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

முதலில் லாரி எப்படித் திரும்புகிறது என்று ஆராய்ந்தோம். பெய்-ஜுவின் மாமா ஒரு பழைய லாரியைப் பள்ளி மைதானத்துக்குக் கொண்டுவந்தார். சக்கரங்களில் சுண்ணாம்பைப் பூசி அவரை மெதுவாக வலது பக்கம் திருப்பச் சொன்னோம். முன்சக்கரம் ஒரு கோடு போட்டது. பின்சக்கரம் அதற்கு வெகு உள்ளே இன்னொரு கோடு போட்டது. இரண்டுக்கும் நடுவில் ஒரு ஆள் தாராளமாகப் படுக்கலாம். வகுப்பு முழுவதும் சுற்றி நின்று அதைப் பார்த்தது. ஹோங்-யி நேராகப் போய் அந்த இரண்டு கோடுகளுக்கு நடுவில் மல்லாந்து படுத்தான். தோளைக் கொஞ்சம் நகர்த்தி, ஒரு காலை மடக்கினான். போ-ஹான் அப்படித்தான் கிடந்தான் என்று யாரும் சொல்லாமலே எங்களுக்குப் புரிந்தது.

அப்போது சிங்-யாங் மெதுவாக, தனக்கே சொல்லிக்கொள்கிற மாதிரி சொன்னான்: "இந்த இடம் கண்ணாடியில தெரியவே தெரியாது. டிரைவர் பாத்திருக்கவே முடியாது."

ஹோங்-யி எழுந்தான். முதுகெல்லாம் சுண்ணாம்பு. இரண்டே எட்டில் வந்து சிங்-யாங்கின் வாயில் குத்தினான். அவன் விழுந்ததும் மேலே உட்கார்ந்து மறுபடி மறுபடி குத்தினான். மைதானத்துத் தரையில் மண்டை மோதும் சத்தம் கேட்டது. நானும் பெய்-ஜுவின் மாமாவும் சேர்ந்து இழுத்தும் அவனை நகர்த்த முடியவில்லை. கடைசியில் நாலைந்து பையன்கள் வந்துதான் பிரித்தார்கள். சிங்-யாங்கின் முன்பல் ஒன்று சுண்ணாம்புக் கோட்டின் மேல் கிடந்தது.

அன்று மாலை நான் குழுவைக் கலைத்துவிட்டேன். இரண்டாவது குற்றப்புள்ளிக்கான தாளையும் எழுதி வைத்தேன். மறுநாள் காலை சிங்-யாங் வீங்கிய உதட்டோடு என் மேசைக்கு வந்தான். விளையாடும்போது விழுந்துவிட்டேன் என்றுதான் சொல்வேன், அந்தத் தாளைக் கொடுக்காதீர்கள் என்றான். ஏன் என்று கேட்டேன்.

"பல்லு போனது போனதுதான் டீச்சர். அவன் போயிட்டா அந்த இடத்துல நின்னு பாக்கறதுக்கு ஆள் இல்ல. நான் போயிட்டா கருவி செய்ய ஆள் இல்ல. பெய்-ஜு ஒருத்தியா என்ன பண்ணுவா?"

நான் தாளைக் கிழித்துப் போட்டேன், குழுவையும் மறுபடி சேர்த்தேன். அதுவும் தப்பு. தெரிந்தேதான் செய்தேன்.

மூன்று வாரத்தில் சிங்-யாங் ஒரு வேகமானி செய்தான். சின்ன ரேடார், கேமரா, ஒரு மின்கலம், எல்லாம் சாப்பாட்டுப் பெட்டி அளவுதான். அக்டோபரில் சந்தி ஓரத்து விளக்குக் கம்பத்தில் அதைக் கட்டி வைத்து, தினமும் பள்ளி விட்டதும் நாங்கள் நாலு பேரும் அங்கே நின்றோம். அந்தக் கருவி நாள் முழுக்க வேகத்தையும் வண்டி எண்ணையும் பதிந்துகொள்ளும். பெய்-ஜு திரும்பும் லாரிகளை நோட்டில் குறிப்பாள். ஹோங்-யி எதையும் எழுத மாட்டான். ஆனால் லாரி வரும் சத்தத்தை வைத்தே எவ்வளவு வேகம் என்று சொல்வான். பெரும்பாலும் இரண்டு மூன்று கிலோமீட்டர்தான் தப்பும். அவனும் சிங்-யாங்கும் பேசிக்கொள்வதில்லை. ஒருவன் எண்ணைச் சொல்வான், இன்னொருவன் கருவியைப் பார்த்துத் தலையாட்டுவான்.

பத்து நாளில் 612 லாரிகள். பெய்-ஜு எல்லாவற்றையும் மணிவாரியாகப் பிரித்து ஒரு படமாக வரைந்து கொண்டுவந்தாள். காலையிலும் மதியமும் லாரிகள் ஓரளவு ஒழுங்காகத்தான் ஓடின. மூன்றரைக்கு மேல் கோடு ஏறியது. நாலு மணிக்கு உச்சிக்குப் போனது. ஐம்பதுக்கு மேல் போகக் கூடாத இடத்தில் எழுபது, எழுபத்தைந்து. பள்ளி விடுகிற நேரம் அதேதான். இது ஏன் இப்படி என்று அவள் கேட்டாள். சிங்-யாங்தான் சொன்னான்: குவாரியின் எடைமேடையை ஐந்து மணிக்கு மூடிவிடுவார்கள். அதற்குள் வந்து எடை போடாத நடைக்குக் கூலி கிடையாது.

"அப்போ நான் நெனச்ச மாதிரி யாருமே குடிச்சிட்டு ஓட்டல," என்றான் ஹோங்-யி. பல்லை உடைத்த பிறகு சிங்-யாங்கிடம் நேராக அவன் பேசிய முதல் பேச்சு அது. "அஞ்சு மணிக்குப் பூட்டு போடறான், அதான்."

"ஆமா."

"அஞ்சு மணிக்காகவா அவன் செத்தான்?"

சிங்-யாங் படத்தை மடித்து பெய்-ஜுவிடம் கொடுத்தான்.

பதினொன்றாம் நாள் ஒரு வெள்ளை வேன் வந்து சந்தியில் நின்றது. மூன்று பேர் இறங்கினார்கள். இரண்டு பேர் கையில் இரும்புக் குழாய். மூத்தவன் வெற்றிலைப் பாக்கை மென்றுகொண்டே வந்து, கம்பத்தில் இருந்த கருவியை அண்ணாந்து பார்த்தான். மரியாதையாகத்தான் ஆரம்பித்தான்.

"டீச்சரம்மா, படிப்பு சொல்லிக் குடுக்கறதுக்கு உள்ள இடம் இல்லையா? வெயில்ல நிக்கறீங்களே."

இது பொதுச் சாலை, நாங்கள் யாரையும் தொந்தரவு செய்யவில்லை என்றேன். அவன் சிரித்துக்கொண்டே குழாய்க்காரனுக்குக் கண்ணைக் காட்டினான். ஒரே அடியில் கருவி நொறுங்கிக் கீழே விழுந்தது. மூத்தவன் அதைச் செருப்புக் காலால் தேய்த்தான். பிறகு சிங்-யாங்கை உற்றுப் பார்த்தான்.

"நீ வண்டிக்கார ட்சென் மகன்தானே? உங்கப்பன் எங்க சோத்தைத் தின்னுட்டு, நீ இங்க வந்து எங்க தட்டுலயே துப்புறியா?"

சொல்லிவிட்டு அவனைக் காதோடு சேர்த்து அறைந்தான். சிங்-யாங் ரோட்டுக்குள் போய் விழுந்தான். அந்த நேரம் லாரி எதுவும் வரவில்லை.

ஹோங்-யி கருவியோடு கீழே விழுந்த இரும்புத் தாங்கியைத் தூக்கி அந்த ஆளின் முதுகில் அடித்தான். ஐந்து மாதமாக சிங்-யாங்கை அடித்துவந்தவன், இன்னொருவன் அவனை அடித்ததைப் பொறுக்கவில்லை. குழாய்க்காரர்கள் இரண்டு பேரும் அவன் மேல் பாய்ந்தார்கள். முதல் அடியைக் கையால் தடுத்தான். எலும்பு முறிந்த சத்தம் காய்ந்த மூங்கில் முறிகிற மாதிரி எனக்குக் கேட்டது. அவன் முட்டி போட்டு விழுந்த பிறகும் அடித்தார்கள். முதுகில், இடுப்பில், மறுபடி அதே கையில். பெய்-ஜு போலீஸைக் கூப்பிட்டுக்கொண்டே அலறினாள். நான் நடுவில் போய் விழுந்தேன். தோளில் ஒன்று பட்டது. அந்தப் பக்கம் முழுக்க மரத்துப்போனது.

சாலை ஓரத்தில் லாரியிலிருந்து சிந்திய ஜல்லி எப்போதும் கிடக்கும். என் கையில் ஒரு கல் அகப்பட்டது. எழுந்து போய், ஹோங்-யியை மிதித்துக்கொண்டிருந்தவனின் தலையில் அதனால் அடித்தேன். அவன் திரும்பினான். மறுபடி அடித்தேன். நெற்றி கிழிந்து கண்ணுக்குள் ரத்தம் இறங்கியது. அவன் உட்கார்ந்த பிறகும் மூன்றாம் முறை கையை ஓங்கினேன். சிங்-யாங்தான் பின்னாலிருந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்தான். போதும் டீச்சர், போதும் என்று அவன் திரும்பத் திரும்பச் சொன்னது எங்கோ தூரத்தில் கேட்டது. நான் பயந்துபோய் அடித்தேன் என்று பிறகு போலீஸில் எழுதிக் கொடுத்தேன். அது முழு உண்மை இல்லை. அந்த இரண்டு அடியும் எனக்கு இனித்தன. ஹோங்-யிக்குள் அத்தனை மாதம் என்ன ஓடிக்கொண்டிருந்தது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

ஹோங்-யியின் கையில் இரண்டு எலும்பும் முறிந்திருந்தன. ஆஸ்பத்திரியில் தகடு வைத்தார்கள். மறுநாள் மதியம் நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவன் அம்மா காலைச் சந்தைக் கடையைக் கட்டிவிட்டு வருவதற்கு நேரம் ஆனது. அவன் கூரையைப் பார்த்தபடி, கேட்காமலே சொல்லத் தொடங்கினான். அன்றைக்கு லாரி திரும்புவதற்கு விளக்குப் போட்டதை போ-ஹான் பார்த்துவிட்டான், நிற்கத்தான் போனான்.

"நான்தான் டீச்சர் சொன்னேன். உள்ள விடுடா, பூந்து போயிரலாம்னு. அவன் தோள்ல தட்டிச் சொன்னேன். அவன் விட்டான்."

இதற்கு நான் என்ன சொன்னாலும் பொய்யாகத்தான் இருக்கும். அவன் நல்ல கையால் முகத்தை மூடிக்கொண்டு வெகு நேரம் அழுதான்.

அன்று சாயங்காலம் சிங்-யாங்கின் அப்பா அவனை பெல்ட்டால் அடித்தார். திங்கட்கிழமை அவன் பள்ளிக்கு வந்தபோது ஒரு கண் முழுவதும் மூடியிருந்தது. குவாரிக்காரர்கள் சொல்லித்தான் அடித்தாரா என்று கேட்டேன். இல்லை என்றான். வண்டி எண்ணும் வேகமும் எழுதிய பெய்-ஜுவின் பட்டியலை அப்பா கேட்டு வாங்கிப் பார்த்தார். அதில் அவருடைய வண்டி எண் ஏழு இடத்தில் இருந்தது. ஒரு இடத்தில் எழுபத்தொன்று. கருவிப் பதிவை நீதானே வைத்திருந்தாய், ஏன் அழிக்கவில்லை என்று கேட்டுக் கேட்டு அடித்தார்.

"அழிச்சிருந்தா மத்தவங்க எண்ணெல்லாம் பொய்யாயிடும்ல டீச்சர்."

கையில் கட்டோடு ஹோங்-யி பள்ளிக்கு வந்த நாளில் பெய்-ஜு அவனிடம் இதைச் சொல்லிவிட்டாள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவனைக் காணவில்லை. நான் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு குவாரி வண்டிகள் நிற்கும் மைதானத்துக்குப் போனேன். அதற்குள் அவன் ஒரு லாரியின் முன்கண்ணாடியை உடைத்திருந்தான். சிங்-யாங்கின் அப்பா கீழே இறங்கி அவன் சட்டையைப் பிடித்திருந்தார். ஒல்லியான மனிதர். அடிக்கக் கையை ஓங்கியிருந்தார், கண்கள் தூக்கமில்லாமல் சிவந்திருந்தன. விடிகாலை மூன்றிலிருந்து ஓட்டிக்கொண்டிருக்கிறார் என்று பிறகு தெரிந்தது.

"அடிங்க," என்றான் ஹோங்-யி. "உங்க மகனை நான் அஞ்சு மாசமா அடிச்சேன். கழுத்துல இருக்கிற தீப்புண்ணு நான் வெச்சது. பல்லு நான் உடைச்சது. ஒரு நாள் வீட்ல சொன்னானா?"

அவர் சட்டையை விட்டார். மிஷின் பட்டது, சைக்கிளில் விழுந்தேன் என்றுதான் மகன் சொல்லியிருந்தான். அவர் லாரிப் படியில் உட்கார்ந்து, தலையைக் கவிழ்த்துக்கொண்டார். கண்ணாடிக்கு என்ன செய்வது என்று நான் கேட்டபோது, போங்க டீச்சர், அவனைக் கூட்டிட்டுப் போங்க என்று மட்டும் சொன்னார்.

நவம்பர் கடைசியில் நகராட்சி அலுவலகத்தில் கூட்டம் நடந்தது. மாணவர்கள் தங்கள் செயல்திட்டத்தை வெளியாட்கள் முன்னால் வைக்க வேண்டும் என்பது பாடத்திட்டத்திலேயே இருந்தது. பெற்றோர் நிறையப் பேர் வந்ததால் அதிகாரிகளாலும் தட்டிக்கழிக்க முடியவில்லை. பெய்-ஜு எண்களைப் படித்தாள். ஒரு எண்கூடத் தப்பவில்லை. குவாரியின் சார்பில் வந்திருந்தவர், பள்ளிக்கூடப் பிள்ளைகள் சாப்பாட்டுப் பெட்டியில் செய்த விளையாட்டுச் சாமானை நம்பி முடிவு எடுப்பீர்களா என்று கேட்டார். அரங்கில் சிலர் சிரித்தார்கள். உரிமம் இல்லாமல் வண்டி ஓட்டியவன்மேல் யாருக்கும் தப்புத் தெரியவில்லையா என்றும் கேட்டார்.

ஹோங்-யி எழுந்தான். மேசையைப் புரட்டிவிடுவான் என்று நினைத்து நான் பாதி எழுந்துவிட்டேன். தப்பு இருக்கிறது, உள்ளே விடச் சொன்னது நான்தான் என்று அத்தனை பேர் முன்னால் சொன்னான். முன் வரிசையில் போ-ஹானின் அம்மா உட்கார்ந்திருந்தார். அவருக்கு அதுவரை தெரியாது. அவர் எழுந்து வந்து அவன் கன்னத்தில் ஓங்கி அறைந்தார். இன்னொன்றும் அறைந்தார். அவன் கையைத் தூக்கவில்லை. அவர் அவன் கட்டுப்போட்ட கையைப் பார்த்துவிட்டு, திரும்பிப் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டார்.

அப்போது பின் வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். சிங்-யாங்கின் அப்பா. தொப்பியைக் கையில் சுருட்டி வைத்திருந்தார்.

"அந்தப் பட்டியல்ல ஏழு தடவை இருக்கிற வண்டி என்னோடது. எழுபத்தொண்ணுன்னு போட்டிருக்கு. சரிதான். அன்னைக்கு எனக்கு மணி நாலு அம்பது. இன்னும் கொஞ்சம் கூடுதலாவே போயிருப்பேன்."

சொல்லிவிட்டுத் தொப்பியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அது போதுமானதாக இருந்தது.

பள்ளி நாட்களில் மூன்றரை முதல் ஐந்தரை வரை அந்தச் சாலையில் ஜல்லி லாரிகள் போகக் கூடாது என்று ஆறு மாதச் சோதனையாக உத்தரவு வந்தது. சிங்-யாங்கின் அப்பாவுக்கு மறுநாளே வேலை போனது; இப்போது காய்கறி வேன் ஓட்டுகிறார். குழாய்க்காரர்கள் இருவருக்கும் தண்டனை கிடைத்தது. மூத்தவன் தப்பிவிட்டான். எனக்கும் ஒரு குற்றப்புள்ளி. நான் தலையில் அடித்த ஆளிடம், சமரச அலுவலகத்தில் ஒரு பெட்டி பழத்தோடு போய்க் குனிந்து மன்னிப்புக் கேட்டேன். ஒன்பது தையல் போட்டிருந்தார்கள். டீச்சர் கை நல்ல கனமான கை என்றான். இரண்டு பேருமே சிரிக்கவில்லை. ஹோங்-யியால் இன்னும் கையை முழுவதும் நீட்ட முடியவில்லை. இனி முடியாது என்கிறார் டாக்டர்.

ஜனவரியில் ஒரு செய்தி வந்தது. நாலு மணிக்கு எங்கள் சந்தி வழியாக வர முடியாத லாரிகள், ஆற்றங்கரைக் குறுக்குச் சாலையில் போகத் தொடங்கியிருந்தன. அங்கே சைக்கிளில் போன ஒரு கொய்யாத் தோட்டக்காரருக்குக் கால் போய்விட்டது. எடைமேடை இன்னும் ஐந்து மணிக்குத்தான் மூடுகிறது. அதை மாற்றச் சொல்லி உத்தரவில் யாரும் எழுதவில்லை. எங்கள் பட்டியலிலும் நாங்கள் அதைக் கோரிக்கையாக எழுதவில்லை. இதை நான் வகுப்பில் சொன்னபோது ஹோங்-யி எழுந்து வெளியே போனான். பின்னாலேயே சிங்-யாங் போனான். எதையாவது உடைக்கப் போகிறார்கள் என்று பயந்து நானும் ஓடினேன்.

சாமான் அறையில் இருவரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். நொறுங்கிய கருவியின் மிச்சத்தைக் கொட்டி வைத்து, எது வேலை செய்யும், எது செய்யாது என்று சிங்-யாங் பிரித்துக்கொண்டிருந்தான். ஹோங்-யி மடங்கிய கையால் டார்ச் பிடித்திருந்தான். கை வலித்தால் கீழே வை என்றான் சிங்-யாங். மூடிட்டு வேலையைப் பாருடா என்றான் ஹோங்-யி.

இப்போது செவ்வாயும் வியாழனும் ஆற்றங்கரைச் சாலையில் நிற்கிறோம். ஒரு போலீஸ்காரர் கூட வருகிறார். பெய்-ஜு இந்த முறை ஒவ்வொரு லாரிக்கும் பக்கத்தில் எடைமேடை மூட இன்னும் எத்தனை நிமிடம் என்றும் எழுதுகிறாள். எங்கள் பக்கத்தில் வரும்போது ஒரு வண்டி வேகத்தைக் குறைத்தால், இரும்புக் குழாய் இருக்கிறதா என்று நான் இன்னும் உள்ளே எட்டிப் பார்க்கிறேன். ஹோங்-யி திரும்பாமலே, சத்தத்தை வைத்து எண்ணைச் சொல்கிறான்.